ஒன்பதிலும் மாற்றிவிட்டேன்

நிரல் எழுதுகிறவர்களில் காப்பி-பேஸ்ட் செய்யாதவர் யாரும் இல்லை. ஆனால் அதைச் செய்து சொந்த அக்காவின் முகூர்த்தப் புடவைக்குக் கறுப்பு பார்டர் வரவழைத்தவள் நான் ஒருத்திதான்.

அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் ஆறு தறி. எந்தப் புடவைக்கு என்ன சாயம் என்று சாயக்காரருக்குச் செய்தி போக, ஸ்விஃப்ட் என்ற நிரல் மொழியில் ஒரு ஐபோன் செயலி எழுதினேன். (வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எனக்குத் தெரியாதது எதுவும் அப்போது உலகத்தில் இல்லை.) புடவை நிறங்கள் ஒன்பது, ஆகவே 'இந்த நிறமா?' என்று கேட்கும் ஒன்பது if. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆர்டர்களை வரிசையாகப் பார்க்கும் அதே for சுழல். முதல் துண்டை எழுதி, எட்டு முறை ஒட்டி, நிறப் பெயரை மட்டும் மாற்றினேன். முந்நூறு வரி. நீளத்தைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பார்டர் நிறம் குறிக்காத ஆர்டருக்குக் கறுப்பு என்று வைத்திருந்தேன். அந்தச் சமயம் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். கல்யாணப் புடவைக்குக் கறுப்பு ஆகாது, அரக்குதான் என்றார் அப்பா. அந்த நிபந்தனையை ஒவ்வொரு துண்டிலும் சேர்த்துக்கொண்டே வந்தேன். எட்டாவதை முடித்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து மடிக்கணினியை மூடிவிட்டேன்.

"எல்லாத்துலயும் மாத்திட்டியாம்மா?"

"ஒன்பதுலயும் மாத்திட்டேம்பா. நீ போய் தறியைப் பாரு."

விடுபட்ட ஒன்பதாவது, மாம்பழ மஞ்சள். அக்கா ஆசைப்பட்டதும் மாம்பழ மஞ்சள். வீட்டு ஆர்டர்தானே என்று பார்டர் நிறத்தை யாரும் குறிக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஐயம்பேட்டை சாயக்காரர் அக்கா புடவைக்கான பார்டர் பட்டு நூலைக் கொண்டுவந்து இறக்கினார். கரி போல, பளபளவென்று. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயக்காரர் பாவம், என்ன செய்வார்?

"போன்ல கறுப்புன்னு வந்துதுபா. படிச்ச பொண்ணு எழுதினது, தப்பா இருக்குமா?"

கறுப்பின் மேல் வேறு சாயம் ஏறாது. புதுப் பட்டு எடுத்து அரக்குச் சாயம் போட ஒரு வாரம். நெய்ய நான்கு வாரம். இடையில் சில நாள் தறி நின்றாலும் அக்கா கடைப் புடவையில்தான் மணையில் உட்கார வேண்டும்.

அக்கா அழவில்லை. என் மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, நிரலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் படித்தது வணிகவியல்.

"ஏன்டி, ஒரே சமாச்சாரம் ஒன்பது வாட்டி இருக்குது? அப்பா என்ன, ஒவ்வொரு புட்டாவுக்கும் புது அட்டையா குத்திக்கினு இருக்காரு?"

பக்கத்துத் தறியின் மேலே, துளையிட்ட ஒரே அட்டைச் சரம் சுற்றிச் சுற்றி வந்து, புடவை முழுக்க அதே பூப் புட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் அதன் கீழேதான் வளர்ந்திருக்கிறேன்.

அன்றே திருத்தினேன். நிறங்களுக்கு ஒரு பட்டியல், ஒரே ஒரு for சுழல், கல்யாண நிபந்தனை ஒரே இடத்தில். முந்நூறு வரி நாற்பதானது. புடவை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தறியிலிருந்து இறங்கியது. அதுவரை அக்கா என்னோடு பேசவில்லை.

இப்போது நான் கேஸை அணைத்துவிட்டேன் என்று சொன்னாலும், "ஒன்பதுலயுமா?" என்று வீட்டில் ஒரு குரல் வரும்.

போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா செயலியைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்துச் சாயக்காரருக்குக் கைப்பட எழுதினார்: "பார்டர் அரக்கு. கறுப்பு வேண்டாம்." அதே வரி, ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்பது முறை.

சரிபார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பார்த்தேன். ஒன்றில்கூடப் பிழையில்லை.