ஒரு ஆளுக்கு ஒரு சங்கம்

பிரின்டரில் கிடந்த தாளை ஹேசல் பிக்கரிங் இரண்டு முறை படித்தாள். ‘பிக்கரிங் அவர்களின் உதவித்தொகை விண்ணப்பம் கிடைத்தது’ என்றிருந்தது. அவள் விண்ணப்பித்தது வாஸ்தவம். ஆனால் இந்தச் சங்கத்துக்கு இல்லை!

பாரிஸ்டராக வேண்டுமானால் லண்டனின் நான்கு வக்கீல் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். உதவித்தொகையை ஒருவர் ஒரு சங்கத்திடம்தான் கேட்கலாம்; இரண்டிடம் கேட்டால் இரண்டும் போச்சு. ஒன்றில் தோட்டம் அழகு, ஒன்றில் விருந்து பிரமாதம் என்று மூன்று மாதம் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் தன் கிரிம்ஸ்பி ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத சங்கமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். உதவித்தொகை இல்லையென்றால் படிப்பும் இல்லை. மீன் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டியே காலம் தள்ள வேண்டியதுதான்.

வீட்டில் அவளைத் தவிர இருந்தது அப்பா நார்மன் மட்டும். உள்ளூர் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷமாகப் பெயர் கூப்பிடும் டவாலி.

"அப்பா, இதைப் போட்டது நீங்களா?"

"அது வந்து கண்ணு..."

"வந்து போயெல்லாம் வேணாம். ஆமாவா, இல்லையா?"

"ஆமா. ஆனா..."

"அவ்வளவுதான் கேட்டேன்!"

சாட்சியை மடக்கிவிட்ட தோரணையில் போனை எடுத்தாள். மணி மூன்று. ஐந்துக்கு விண்ணப்பக் கெடு முடிகிறது.

"போன்ல சொன்னா விலக்க முடியாதும்மா, எழுதி அனுப்புங்க" என்றாள் அந்தச் சங்கத்து அலுவலகப் பெண். ஹேசல் எழுதிக் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பினாள். பதில் இல்லை. நாலு மணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஹேசல், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு..."

"நீங்க செஞ்சது போதும்! போய் டீ போடுங்க."

நேர்மைதான் நல்லதென்று தன் சங்கத்துக்கே உண்மையை எழுதினாள்: ‘எனக்குத் தெரியாமல் அப்பா இன்னொரு சங்கத்திலும் எனக்காக விண்ணப்பித்துவிட்டார்.’ இதற்குப் பதில் பத்தே நிமிடத்தில் வந்தது. நேர்மைக்கு நன்றி, விதிப்படி உங்கள் விண்ணப்பத்தை நீக்கிவிட்டோம்.

அழுதுகொண்டே மூன்றாவது சங்கத்தின் படிவத்தைத் திறந்தாள். ‘இந்த ஆண்டு வேறெங்காவது விண்ணப்பித்தீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. பொய் சொல்லிவிட்டு நாளைக்கு எப்படிக் கறுப்பு அங்கி போடுவது? ‘ஆம்’ என்று தட்டினாள். படிவம் அத்தோடு மூடிக்கொண்டது.

ஐந்தடித்தது. ஹேசல் மேஜையில் தலை கவிழ்ந்தாள். அவளுக்கு எல்லாமே முடிந்துபோயிருந்தது. டீயோடு வந்த அப்பா, கோப்பையை அவள் பக்கத்தில் வைத்தார்.

போன் அடித்தது. அதே அலுவலகப் பெண்.

"கடிதம் கிடைச்சுது. ஆனா, ஐம்பத்தெட்டு வயசுல தபால்வழியா சட்டம் படிச்சு முடிச்சு, தனக்குன்னு உதவித்தொகை கேட்டிருக்கிற நார்மன் பிக்கரிங்கோட விண்ணப்பத்தை, நீங்க எப்படிம்மா விலக்க முடியும்?"