நாசி ஞானியின் இரண்டு நாற்காலிகள்

மனித குலத்தில் எதையும் நம்பாமல் பிறந்த முதல் ஆள் நான்தான். இதை நான் சொல்லவில்லை. எங்கள் கல்லூரிப் பகுத்தறிவு மன்றத் தலைவர் சொன்னார். தலைவரும் நான்தான்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டிலிருந்தே, மந்திரத்தால் மூக்கைச் சரிசெய்வதாகச் சொல்லும் நாசி ஞானியைப் பார்க்க ஆட்டோ கிளம்பியது.

அக்காவுக்கு ஃபோட்டோ ஸ்டுடியோவில் வேலை. நாலு மாதம் முன்பு அங்கே ஒரு விளக்குக் கம்பம் சரிந்து அவள் மூக்கின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து இடது துளையில் காற்றே போகாது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியேதான் தூக்கம். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார்.

"உள்ள குருத்தெலும்பு வளைஞ்சிருக்கும்மா. நிமிர்த்தணும். பத்தலைன்னா காதுலேருந்து துளி எடுத்து முட்டுக் கொடுப்போம்" என்றார்.

அதில் அம்மாவுக்குக் கேட்டது கடைசி வரி மட்டும்.

"மூக்கு சரியில்லன்னு போனா காதை வெட்டுவானாம்! ஞானி கத்தியே தொடமாட்டாராம். முதல்ல அவரைப் பார்ப்போம். அவர் சரி பண்ணிட்டா வியாழக்கிழமை எதுக்கு?"

அரங்கத்தில் நிற்க இடமில்லை. வேலை கிடைக்காதவர், வரன் அமையாதவர், வெறும் சளி பிடித்தவர் என்று எல்லோருக்கும் குற்றவாளி மூக்குதான். சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள். இடப்பக்கம் கத்தரிக்காய், வலப்பக்கம் எள்ளுப்பூ.

மேடையில் கேமராவுக்கு எதிரே முன்னும் பின்னுமாக இரண்டு நாற்காலிகள். முறை எளிது. முன்னால் இருக்கும் 'பிணி ஆசன'த்தில் உட்கார்ந்தால் ஒரு படம். பிறகு மூக்கில் செப்புக் கிளிப், நாற்பது எண்ணும்வரை மந்திரம். அடுத்து, பின்னால் இருக்கும் 'சுக ஆசன'த்தில் இன்னொரு படம்.

"நான் முதல்ல உக்காந்து ஆளோட வண்டவாளத்தைப் பிடிக்கிறேன்" என்று மேடையேறினேன். நாற்பது எண்ணி முடிந்ததும் இரண்டு படங்களையும் நீட்டினார்கள்.

பிடிபட்டது நான்தான். இருபது வருடமாக முகத்தில் சுமந்த கொழுக்கட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, அறிவியல்ல இன்னும் கண்டுபிடிக்காதது எவ்வளவோ இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் நேரே சுக ஆசனத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தாயே, அது குணமானவங்களுக்கு" என்றார் ஞானி.

"பரவால்லைங்க. முதல் படத்தை இங்கேயே எடுங்க."

"அப்படி எடுத்தா தோஷம்."

"யாருக்கு?"

கூட்டம் சிரித்தது. "எடுங்கய்யா, பார்ப்போம்!" என்றது ஒரு குரல். கேமராக்காரர் எடுத்தார். மந்திரமும் இல்லை, கிளிப்பும் இல்லை. படத்தில் மூக்கு அழகாகச் சின்னதாக விழுந்தது.

"சிகிச்சைக்கு முன்னாடியே குணமாயிட்டேன் பாருங்க" என்றாள் அக்கா. "கேமரா முகத்துக்கிட்ட வந்தா மூக்கு பெருசாத்தான் விழும். தள்ளி நின்னு ஜூம்ல இழுத்து எடுத்தா அடங்கிடும். ஸ்டுடியோவில வாசல் கூட்டுறவருக்கே இது தெரியும்."

"படம் மாயை, தாயே. மூச்சுதான் நிஜம்" என்று சமாளித்தார் ஞானி.

"அதையும் பார்த்துடுவோம். மந்திரத்தைச் சொல்லுங்க."

நாற்பது எண்ணி முடித்தார். கிளிப்பைக் கழற்றிய அக்கா, பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து மூக்கின் கீழே பிடித்தாள். வாயை மூடி ஒரு மூச்சு விட்டாள். கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் ஆவி படிந்தது. இடப்பக்கம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அதை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா இடப்பக்கத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"ஏண்டி, இவ்வளவு நாளா ஒத்தை மூக்குலயா மூச்சு விட்டுக்கிட்டிருந்த?"

அதற்குள் கூட்டம் அழகாக ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சுக ஆசனத்தைப் பிடிக்க முண்டியடித்தது. ஞானி தன் மூக்கையும் தூக்கிக்கொண்டு பின்வாசலில் மறைந்தார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுப் பிரித்து, வீக்கமெல்லாம் வற்றிய பிறகு அம்மாவே கண்ணாடியைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஆவி. அக்கா இப்போது படுத்துத் தூங்குகிறாள், குறட்டைகூட விடுவதில்லை.

மன்றத்தின் சார்பில் அந்தக் கிளிப்பைச் சாட்சியமாகப் பறிமுதல் செய்து வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்காகத் தினம் அரை மணி நேரம் மாட்டிப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்குத்தான். கதவைத் தாழிட்டுக்கொள்வது கவனம் சிதறாமலிருக்க.

தோழர்களே, உங்கள் மூளையை இன்னொருவர் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். சிந்தியுங்கள்! இன்னும் பத்து நிமிடம் பாக்கியிருக்கிறது. கழற்றியதும் நானும் சிந்திக்கிறேன்.