கத்தரிப் பூச்சியும் என் பெடல் போர்டும்

ஒரே பெட்டிக்குள் நூறு சத்தம் அடங்கியிருக்க, நூற்றியோராவது சத்தத்துக்காகத் தனியாக இன்னொரு பெட்டி தேடி அலைகிறவனை நல்ல மனநிலையில் இருப்பவன் என்று சொல்ல முடியாது. நான் அலைந்தேன். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. (கல்யாணம் ஆனால் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.)

என்னிடம் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் இருந்தது. காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தை விதவிதமாக மாற்றித் தரும் பெட்டி. எதிரொலி வேண்டுமா, குரலைக் கீழே இறக்க வேண்டுமா, மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிட வேண்டுமா, எல்லாம் அதிலேயே உண்டு. கரகரப்பும் உண்டு. ஆனால் அந்தக் கரகரப்பில் உயிர் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. (அப்போதெல்லாம் இப்படித்தான் பேசுவேன். நண்பர்கள் பாவம்.) கரகரப்புக்கென்றே ஃபஸ் என்றொரு தனிப் பெடல் வாங்கி மல்டி எஃபெக்ட்ஸுக்கு முன்னால் வைத்தேன். இணைக்க நல்ல கேபிள் கையில் இல்லை. பொறுமையும் இல்லை. அரியமங்கலத்தில் அப்பாவின் லேத் பட்டறையில் கிடந்த சாதாரண வயரை வெட்டி நானே கேபிள் செய்துகொண்டேன். ஒத்திகையும் அங்கேயேதான், லேத் ஓட ஓட. அந்த இரைச்சலில் பக்கத்தில் யானை பிளிறினாலும் கேட்காது.

அரங்கேற்றம் அக்காவின் ரிசப்ஷனில்.

அக்கா கவிதாவுடையது காதல் கல்யாணம். மாப்பிள்ளை வரதன் ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய அம்மா இரண்டு வருஷம் முடியவே முடியாது என்று நின்று, கடைசியில் அரை மனதாகத் தலையாட்டியிருந்தார். அதிலும் பத்திரிகை அடிக்கப் போகும்போது பல்லி கத்தியது என்று தேதியை ஒருமுறை தள்ளிவைத்தவர். ரிசப்ஷனுக்கு மறுநாள் காலை முகூர்த்தம். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், நிறுத்துறதுக்கு ஏதாவது சகுனம் கிடைக்காதான்னுதான் மாமி பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ ஒண்ணும் கோளாறு பண்ணிடாதே. வேணும்னா உன் கால்லகூட விழறேன்."

"கால் ஃப்ரீயா இல்லக்கா, பெடல் மிதிக்கணும்" என்றேன். (கொழுப்பைப் பாருங்கள்!)

ஸ்ரீரங்கத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மாமி. பின்னாலேயே, உப்பிலியபுரத்திலிருந்து வேன் பிடித்து வந்த, கத்தரி பயிரிடும் எங்கள் பெரியப்பா கூட்டம். மணமக்கள் மேடைப் படி ஏறும்போது எங்கள் குழுவின் எல்லா வாத்தியமும் நிற்கும். அந்த நிசப்தத்தில் நான் மட்டும் ஒரே ஒரு கனத்த ஸ்வரத்தை எழுப்புவேன் என்பது ஏற்பாடு. (யோசனை என்னுடையதுதான். வேறு யாருக்கு வரும்?) வாத்தியங்கள் நின்றன. ஃபஸ்ஸை மிதித்தேன். சத்தியமாகத் தந்தியைத் தொடவில்லை.

ஸ்பீக்கர் பேசியது.

"...கத்தரித் தோட்டத்தில் பெண் பூச்சியின் வாசனையை நம்பி, ஆண் பூச்சி தானாகவே பொறியைத் தேடி வரும்..."

வரதன் ஒரு காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பட்டறை வயர் ஏரியலாக மாறி, ஃபஸ் ரேடியோவின் சாயங்கால விவசாய நிகழ்ச்சியைப் பிடித்து, அந்த மெல்லிய குரலை மல்டி எஃபெக்ட்ஸ் தூக்கிவிட்டிருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கிட்டார் கத்தரிச் செடியைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான்.

கிட்டார் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன். குரல் குறையவில்லை. ஃபஸ்ஸை அணைக்கப் போன கால் பதற்றத்தில் பக்கத்துப் பெட்டியில் இறங்கியது. சாதுவாகப் பேசிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் சட்டென்று எமதர்மன் குரலுக்கு இறங்கினார். ஐயையோ என்று மறுபடி மிதித்தேன். எதிரொலியும் சேர்ந்துகொண்டது.

"உள்ளே விழுந்த ஆண் பூச்சிக்கு வெளியேற வழியில்லை... இல்லை... இல்லை..."

"பெருமாளே! அசரீரி!" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ அலறினார்கள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பெரியப்பாவோ எழுந்து நின்று எல்லாரையும் அதட்டினார். "சத்தம் போடாதீங்கப்பா! ஏக்கருக்கு எத்தனை பொறி வைக்கணும்னு இப்பத்தான் சொல்லப் போறான்!"

"வயரைப் புடுங்குடா!" என்று கீபோர்டு சலீம் கத்தினான். பிடுங்கினேன். குரல் நின்றது. மாமி எழுந்தார். நேராக மேடைக்கு வந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சாப்பாடு இறங்காது.

"யாருடா இப்போ பேசினது?" என்றார் மாமி.

"மாமி... ரேடியோங்க."

"ரேடியோ எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. "இல்லீங்க மாமி, இந்தப் பெடல்ல..."

"பெடலா? சைக்கிள் எங்க?"

பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். மாமி என்னை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார். போச்சு, அக்கா கல்யாணம் போச்சு, நான் இந்த ஊரிலேயே இருக்க முடியாது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"ஏண்டா வரதா, ரெண்டு வருஷமா நானும் இதைத்தானேடா சொல்லிண்டிருந்தேன்? விழாதே விழாதேன்னு தொண்டை வறண்டு போச்சு. இப்போ அசரீரியே சொல்லிடுத்து. விழுந்தாச்சு, இனிமே வெளியில வர வழியில்லையாம். அப்புறம் நான் யாரு, தடுக்கறதுக்கு? நிக்காதே, அவ கையைப் பிடிச்சுண்டு மேல ஏறு."

முதலில் சிரித்தது அக்காதான். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மண்டபமே சிரித்தது. பெரியப்பா மட்டும் பொறிக் கணக்கு தெரியாமல் போன வருத்தத்தில் சாப்பிடப் போய்விட்டார்.

அக்கா இப்போது ஸ்ரீரங்கத்தில் மாமியோடுதான் இருக்கிறாள். மாமி அன்று அசரீரி என்று நிஜமாகவே நம்பினாரா, இல்லை என் மானத்தைக் காப்பாற்றினாரா? இன்றுவரை தெரியாது, கேட்கவும் பயம். போன வாரம் நான் அங்கே போயிருந்தபோது அக்காவுக்கும் வரதன் மாமாவுக்கும் ஏதோ வாக்குவாதம். "சே, இந்தாத்துல மனுஷன் இருப்பானா? நான் எங்கயாவது போறேன்" என்று மாமா செருப்பை மாட்டினார். அடுக்களையிலிருந்து மாமி, அடித்தொண்டையில், எதிரொலியும் தானே போட்டுக் குரல் கொடுத்தார்.

"ஆண் பூச்சிக்கு வெளியேற வழியில்லை... இல்லை... இல்லை..."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.