நாலரை விநாடியில் போன சாவி

கார் சாவியை மட்டும் என் மனைவி யுவஸ்ரீயிடம் தருவதில்லை என்று போன மாதம் ஒரு தீர்மானம் எடுத்தேன். எடுக்கும்போது அவள் பக்கத்தில் இல்லை. அதனால் சுலபமாக எடுக்க முடிந்தது.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். முதல் கார் வாங்கியவனும் நான். பழைய கார்தான். ஆனாலும் சூலூரில் எங்கள் வீட்டு வாசலில் அது நிற்கும்போது, அதன் மேல் காக்கை உட்கார்ந்தால்கூட எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இந்த நேரம் பார்த்து யுவஸ்ரீக்குக் கோவை ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். காலை ஏழு மணி ஷிப்ட்.

“ஏனுங்க, பஸ்ஸை நம்புனா நேரத்துக்குப் போக முடியாதுங்க. காரைக் குடுத்தாத்தான் இந்த வேலை.”

“அம்மணி, திருச்சி ரோடுன்னா சும்மாவா? லாரி வரும், டவுன் பஸ்ஸு வரும்...”

“நான் மேட்டுப்பாளையத்துக்காரிங்க. எங்கப்பனோட கோத்தகிரி மலையில இருந்து பழ வண்டி ஓட்டி எறக்கியிருக்கேன். ஒரு பிளம்ஸ் நசுங்குனதில்லீங்க.”

“நசுங்கலைன்னு பிளம்ஸ் வாயைத் தொறந்து சொல்லுச்சா?”

“அப்ப யார் சொன்னா ஒத்துக்குவீங்க?”

“மெஷின் சொல்லோணும். மெஷின் சொல்றதுதான் தீர்ப்பு.”

மெஷின் என்று நான் சொன்னது என் வேலையை. ஒண்டிப்புதூரில் தனபால் அண்ணனின் பட்டறையில், ரேஸ் டிராக்கில் ஓடும் கார்களுக்கான லாகர் செய்கிறோம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. காரில் மாட்டினால், எந்த வளைவில் என்ன வேகம், ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது, எங்கே ஆக்சிலேட்டர், எங்கே பிரேக், எல்லாவற்றையும் விநாடிக்கு இருபது முறை பதிந்துகொள்ளும். பிறகு கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் போட்டுக் காட்டும். ஆக்சிலேட்டர் பச்சைக் கோடு. பிரேக் சிவப்புக் கோடு. அந்தப் பெட்டியிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.

இப்போது என் சூழ்ச்சியைச் சொல்கிறேன். செட்டிபாளையம் டிராக்கில் ஞாயிறுதோறும் பட்டறை காரை ஓட்டி லாகரைச் சோதிப்பது நான்தான். ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். யுவஸ்ரீ டிராக்கைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. மூன்று வாரம் கழித்து, அதே காரில், ஆளுக்கு மூன்று சுற்று, அவள் ஜெயித்தால் சாவி அவளுக்கு என்று போட்டி வைத்தேன். தனபால் அண்ணனும் சம்மதித்தார்.

“எனக்குப் பழக்கமான எடம் அம்மணி. அப்பறம் ஏமாத்திப்போட்டேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேனுங்க,” என்று சிரித்தாள். நேர்மையானவனின் சூழ்ச்சி இப்படித்தான். முதலில் எதிராளியிடம் சொல்லிவிடுவான்.

அந்த மூன்று வாரமும் என் கோடுகளை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் விரித்து வைப்பேன். அவளும் தோசையை ஊற்றிக்கொண்டே ஆர்வமாகக் கேட்பாள்.

“இந்த எடத்துல பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கோடே காணமுங்களே?”

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன். பிரேக் இன்னும் மிதிக்கல.”

“நடுவுல என்னங்க பண்ணீட்டு இருந்தீங்க?”

“யோசிச்சுட்டு இருந்தேன்.”

“வளைவுக்கு வளைவு யோசிக்கறீங்களே!”

அந்த யோசனைக்குப் பெயர் பயம். அதையும் மறைக்காமல் சொன்னேன். எந்த வளைவில் சீக்கிரம் பிரேக் போட்டுவிடுகிறேன், எங்கே ஸ்டியரிங்கை இரண்டு தரம் திருப்புகிறேன், எங்கிருந்து திரும்பியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும், எல்லாவற்றையும் சட்னிக் கிண்ணத்தை வளைவாக வைத்து விளக்கினேன். புருஷன் வேலையில் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை என்று நெஞ்சு நிறைந்து, ஒரு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

போட்டி நாளும் வந்தது. முதலில் நான் ஓட்டினேன். என் வாழ்நாளிலேயே நல்ல சுற்று அது.

அடுத்து யுவஸ்ரீ. ஹெல்மெட்டை மாட்டினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். முதல் சுற்று மெதுவாகப் போனாள். எனக்கு மனசு லேசானது. இரண்டாவதில் டயர் லேசாகக் கீச்சிட்டது. மூன்றாவது சுற்றில் வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் எங்களைக் கடந்து போனது.

லாகரைக் கழற்றி, இரண்டு பேர் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டோம். என்னைவிட நாலரை விநாடி முன்னால் அவள்.

தனபால் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நேர் ரோட்டில் இருவர் வேகமும் ஒன்றுதான். வளைவில்தான் விஷயம். அவள் கோட்டில் பச்சை முடியும் இடத்திலேயே சிவப்பு தொடங்கியது. நடுவே யோசனைக்கு ஒரு முடி அளவு இடமில்லை. பிறகு அந்தச் சிவப்பு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி மெல்ல இறங்கியது. ஸ்டியரிங் கோட்டில் ஒரு திருத்தம்கூட இல்லை. இந்தத் தொழிலில் நூற்றுக்கணக்கான கோடுகள் பார்த்திருக்கிறேன். இத்தனை அழகான கோட்டைப் பார்த்ததில்லை. தோற்றவன் நான் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

“எப்படி அம்மணி இது? டிராக்கையே நீங்க பாத்ததில்லையே!” என்றார் தனபால் அண்ணன்.

“மூணு வாரமா இவுங்க தப்பையெல்லாம் தெனமும் காட்டுனாங்களுங்க. அந்தத் தப்பை மட்டும் நான் பண்ணலீங்க. அவ்வளவுதான்.”

நான் சாவியை நீட்டினேன். பாதி தூரம்தான் நீட்டினேன்.

“மெஷின் சொன்னது டிராக்குக்கு. ரோடு வேற. ஒரு வாரம் நானும் பக்கத்துல உக்காந்து வாரேன். லாகரையும் மாட்டுவேன்.”

“தாராளமா மாட்டுங்க.”

ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு வாரம், ஏழு மணி வேலைக்குப் போகிறவள் என்னை ஆறரைக்கே ஒண்டிப்புதூரில் இறக்கிவிட்டாள். பட்டறை திறப்பது ஒன்பதுக்கு. பூட்டிய கேட்டோடு நான் நல்ல சிநேகமாகிவிட்டேன். வார முடிவில் லாகரைத் திறந்து பார்த்தேன்.

“சடன் பிரேக் எத்தனைங்க?” என்றாள்.

“ஒண்ணே ஒண்ணு. இருகூர் பிரிவுல, நாய் குறுக்க வந்தப்ப.”

“சரிங்க. மெஷினுக்குத் தெரியாத கணக்கு எங்கிட்ட ஒண்ணு இருக்குது.” கைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துப் பிரித்தாள். “பக்கத்து சீட்டுல இருந்துட்டு, இல்லாத பிரேக்கை நீங்க மிதிச்சது நூத்திப் பதினேழு தடவை. ‘ஐயோ’ முப்பத்திநாலு. கண்ணை இறுக்கி மூடுனது ஆறு.”

“இதெல்லாம் எதுக்கு அம்மணி எழுதி வெச்சே?”

“வாயில சொன்னா நம்ப மாட்டீங்களே. பதிஞ்சு காட்டுனாத்தானுங்க ஒத்துக்குவீங்க!”

“சரி, தீர்ப்பு?”

“பின்சீட்டுங்க. அங்க மிதிக்கறதுக்கு எடமில்லை.”

இந்தக் கதை முழுவதையும் பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, ஓடும் காரில்தான் எழுதினேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.