மூன்று தாள் கைநாட்டு

தோட்டத்து மக்களின் மனுவாக ஒரு மகஜர் காலை பஸ்ஸில் போயாக வேண்டும் என்று கட்சி ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் கட்சித் தலைவரான நல்லையா அலட்டிக்கொள்ளவில்லை. லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் கைநாட்டு வைத்த வெற்றுத் தாள்கள் இரண்டு அவருடைய பெட்டியில் கிடந்தன. எதற்கு வாங்கியது என்பது அவருக்கே மறந்துவிட்டது. முதல் கைநாட்டில் மஞ்சள் கறை வேறு.

அவற்றோடு வாங்கிய மூன்றாவது தாள் போன வருடமே போய்விட்டது. “விசாரணையின்றிப் பிடித்து வைக்கும் அவசரகாலச் சட்டம் நாட்டுக்கு அவசியம்” என்று அதன் தலையில் எழுதியிருந்தார். அப்போது ஆட்சி அவருடைய கட்சியிடம்.

இப்போது தொண்ணூற்று நான்கு, ஆட்சி மாறிவிட்டது. “இந்தக் கொடுஞ்சட்டத்தை நீக்குக” என்று எழுதி அனுப்பிவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேசினார்.

“போன வருசம் நல்ல சட்டம்னீங்களே, தலைவரே?” என்றான் பால்வெட்டும் அழகமுத்து.

“அப்ப நம்மாளுங்க கையில இருந்திச்சு. இப்ப அவனுங்க கையிலய்யா!”

அதுவும் நியாயந்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். போன வருடமும் இதே தலைகள்தான் ஆடின. அவர்களோடு பால்வெட்டும் பரிமளம் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுமாதம், கொழும்புக் கடையில் வேலைக்கு நின்ற அவருடைய மகன் ஸ்ரீதரனை அதே சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். நல்லையா கடைசித் தாளில், “ஸ்ரீதரன் நிரபராதி, விடுதலை செய்யுங்கள்” என்று எழுதிக்கொண்டு பொலிசுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் பைலைத் திறந்து, முன்பு மேலிடத்திலிருந்து வந்த இரண்டு மகஜர்களையும் பக்கத்தில் வைத்தார்.

“மூணுலயும் ஒரே ஆளுங்க. அதே மஞ்சள். ஒண்ணுல சட்டம் வேணும், ஒண்ணுல வேணாம், இதுல மகன் வேணும். எதை நம்புறது, தலைவர் மஹத்தயா?”

“சத்தியமா என் மகன் ஒண்ணும் செய்யலைங்க, சேர்!”

“அப்ப இவங்களையே கூட்டிட்டு வாங்க. வாயால சொல்லட்டும்.”

தாளோடு லயத்துக்குத் திரும்பினார். பரிமளம் அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“எம்மகனுக்காக ஒரு வார்த்தை வந்து சொல்லணும், தாயி,” என்றார்.

அவள் கையைத் துடைக்காமலே தாளை வாங்கி, முதல் கைநாட்டைத் தடவிப் பார்த்தாள்.

“வாறேன், தலைவரே. ஆனா இது, போன வருசம் எம்மகனப் பிடிச்சப்போ அவன விடச்சொல்லி எழுதுறேன்னு நீங்க வாங்கின கைநாட்டுல்ல?”