முதல் டம்ளர் முசேவுக்கு

மருந்துக் கம்பெனி, டாக்டர், சர்க்கார் முத்திரை இந்த மூன்றையும் ஒருசேர நம்பாத மனுஷர் புதுச்சேரியிலேயே ஒருத்தர்தான்: பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம் ‘சாந்த்தே’ முசே. இப்போது ஸ்கேனுக்காக ரத்தத்தில் கண்ணுக்கே தெரியாத உலோகத் துகள்களை ஏற்றலாமா, உடம்பு தாங்குமா என்று எலியைக் கேட்கிறார்களாம். எழுபதுகளில் எங்களுக்கு அந்த எலி அவர்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்தவர், அதனால் எல்லோருக்கும் ‘முசே’, அதாவது ஐயா. வயிற்றை எக்ஸ்ரே எடுக்க, பேரியம் என்ற வெள்ளைப் பொடியைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். கரைப்பது முசே. முதல் டம்ளரைத் தூக்கி, ஒயின் குடிக்கிறவர் மாதிரி “சாந்த்தே!” என்று எல்லோருக்கும் ஆரோக்கியம் வாழ்த்தி, தானே குடித்துவிடுவார். அப்புறம் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளிகள் திட்டித் தீர்ப்பார்கள்.

“இன்னும் எவ்ளோ நேரம் முசே?”

“நான் உசுரோட இருக்கனான்னு பாரு. இருந்தா, அடுத்தது நீ.”

நோயாளி மருந்தை ஊழியர் குடிக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் சர்க்குலர் போட்டார். முசே அதை டம்ளருக்கு மூடியாக வைத்தார்.

நான் அப்போது மில் ஆபீஸ் குமாஸ்தா. வயிற்றில் இருப்பது வெறும் புண்ணா, வேறேதாவதா என்று பார்க்க, டீகூடக் குடிக்காமல் முதலியார்பேட்டையிலிருந்து வந்து முதல் ஆளாக நின்றேன். அன்றைக்குப் புது டப்பா பிரித்திருந்தார்கள். முசே வழக்கம்போல் குடித்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பசி கண்ணை மறைத்தது; உள்ளே வந்த டாக்டரிடம் கத்தினேன்.

“டாக்டர், இந்தாளு எனக்குச் சங்கு ஊதிட்டுதான் படம் எடுப்பாரு போலருக்கு!”

“சீல் வெச்ச டப்பாய்யா. நீ குடி” என்றார் டாக்டர்.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன்.

“டேய்! வைடா கீழ!”

வாந்தி எடுத்துக்கொண்டே தவழ்ந்து வந்த முசே, என் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். என் வேட்டியெல்லாம் பேரியம்.

பரிசோதித்தார்கள். டப்பாவில் இருந்தது பேரியத்திலேயே வேறு வகை, விஷம். முசே நாலு நாள் வார்டில் கிடந்தார். டப்பாவை வாங்கினவர்மேல் நடவடிக்கை ஒன்றுமில்லை. முசேவுக்குக் கட்டிலுக்கே மெமோ வந்தது: ‘அனுமதியின்றி அரசு மருந்தை அருந்தியது ஏன்?’ கீழேயே பதில் எழுதினார்: ‘குடித்தது உண்மை. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.’

சாப்பிடக்கூடத் தோன்றாமல் பார்க்கப் போனேன். என் உசுரைக் காப்பாற்றின மனுஷனையா அப்படித் திட்டினேன் என்று கட்டிலோரம் தலைகுனிந்து நின்றேன். அவரோ, “வயித்து வலி எப்படிப்பா இருக்கு?” என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டிரிப் ஏறிக்கொண்டிருந்த கையால் என் தோளைத் தட்டினார்.

“மொதல்ல போயி சாப்புடு. வெறும் வயித்துல அழுவக் கூடாது.”