கலன்சி சேவல் கொடுத்த படலம்

வாழ்க கலன்சி! வெட்டுக்கிளியைக் குலச்சின்னமாய்க் கொண்ட குலக்கொழுந்து வாழ்க! புக்கோட்டோ மேட்டின் பொருநன், தகரக்கூரைத் தனியறைக் கோட்டையின் தலைவன், மின்சாரம் போனாலும் முகம் வாடாதான், குழாய் வற்றினாலும் குரல் தாழாதான், பேருந்து நிறுத்தத்தில் கால்கடுக்க நின்று செல்பேசி உறை விற்றே குடி புரக்கும் வணிகர்கோன் வாழ்க! கம்பாலா மாநகரின் குன்றுகளே, செவி சாய்த்தருள்க. செம்மண் புழுதியே, இந்தக் கதை முடியும்வரை சற்றே அடங்கிக் கிட. ஒரு மானுடன் ஒரு சேவலோடு பொருத பெரும்போரைப் பாடப்போகிறோம். நியாயம் என்று பார்த்தால் சேவலின் பக்கம்தான் கொஞ்சம் அதிகம். ஆனாலும் பாட்டு என்னவோ மானுடனுக்குத்தான்.

அவன் ஒன்றும் பிறந்தபோதே வீரனாகப் பிறந்துவிடவில்லை. கரண்டு போனால் அது திரும்ப வரும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன், வாழைக்காய் உரித்தால் காயை எறிந்துவிட்டுத் தோலை வேகவைப்பவன் என்று மனைவி நகிவாலாவால் நாள்தோறும் புகழப்பட்டவன்தான். அப்படிப்பட்டவன், நகுரு மேட்டு அடிவாரத்துச் சதுப்பில், கோரைக்காட்டு ஓரத்தில், நகரத்தான் தன் கையே தனக்குதவியாய் வாழும் கலையைச் சனிக்கிழமைதோறும் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டான். கேட்ட மாத்திரத்தில் மழைக்குப் பிந்தைய ஈசல்போலக் கிளம்பினான். தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டக் கற்றான். மூட்டிய தீக்குத் தன் புருவத்தில் பாதியை ஆகுதியாக்கினான். மழைநீரைப் பீப்பாயில் பிடிக்கக் கற்றான். அந்தப் பீப்பாயில் கொசுக்குலம் தழைத்தோங்கி அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் ஒரு குடைக்கீழ் ஆண்டது. சாக்குப்பையில் கீரை வளர்க்கக் கற்றான். அடுத்த தெரு ஆடு வந்து கீரையைத் தின்று, ருசி விட்டுப்போகாமல் சாக்கையும் தின்றது. இத்தனை வெற்றிக்கும் சிகரமாக, கண்ணி வைக்கவும் முடிச்சுப் போடவும் கற்றான். இழுத்தால் இறுகும் முடிச்சு ஒன்று, இழுத்தால் அவிழும் முடிச்சு ஒன்று, இரண்டையும் கசடறக் கற்றான். எது எது என்று கற்பதற்குள் அந்தச் சனிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

இனி அவன் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லைச் சொல்வோம். அந்த மண்ணின் வழக்கப்படி, பெண்ணைக் கைப்பிடிப்பவன் அவள் அண்ணன் கையில் ஒரு சேவலைக் கொடுத்தாக வேண்டும். வேறு சீர் எத்தனை கொண்டுபோய் இறக்கினாலும் சரி, சேவல் மச்சான் கைக்குப் போகாத கல்யாணம் மேல்பூச்சுப் பூசாத சுவர். நிற்கும், ஆனால் வீடு என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பெண் கேட்டுப் போன அன்று கலன்சியும் சேவலோடுதான் போனான். வண்டேகேயா நாற்சந்தியின் வாகன நெரிசலில், மூடிக் கிடந்த வேனுக்குள், வெக்கை தாங்காமல் அந்தச் சேவல் வீரசுவர்க்கம் புகுந்தது. "அடுத்த தடவை கொண்டாந்து குடுத்துடறேன் மச்சான்" என்ற ஒற்றை வாக்கின்மேல் ஏறித்தான் நகிவாலா புகுந்த வீடு வந்தாள். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. பொறுத்துப் பார்த்த மைத்துனன் செம்பாத்தியா, மாடு மேய்த்துக் காய்த்த கையில் செல்பேசியை ஏந்தி இடியென முழங்கினான்:

"ஞாயித்துக்கிழமை அம்மாவும் நானும் வர்றோம். சேவல் என் கைக்கு வரணும். வரலேன்னு வையி, நாங்க திரும்பற வண்டியில தங்கச்சியும் ஏறுவா. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைக்காதே."

கலன்சி சிறிதும் கலங்கவில்லை. கலங்கியிருக்கலாம். "வாங்க மச்சான், வாங்க! இப்பல்லாம் எனக்கு யார் ஒதவியும் வேணாம். புடிக்கறதும் நான், கட்டறதும் நான், குடுக்கறதும் நான்!" என்று தொண்டை புடைக்கச் சூளுரைத்தான்.

பக்கத்தில் நின்ற நகிவாலா கேட்டாள்: "அண்ணன் சொன்னா சொன்னதுதான். நான் பையில துணி எடுத்து வைக்கவா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க." போக அவளுக்கு மனமில்லை. போகமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லும் வழக்கமும் அவள் வீட்டில் இல்லை.

ஞாயிறு புலர்ந்தது. நகாவா சந்தையில், கூண்டுகள் அடுக்கிய கோழிக் கடையில், கலன்சி அவனைக் கண்டான். எவனை? செம்பவளக் கொண்டை சிலிர்க்க, மயில்கழுத்து நிறத்து வால் வளைந்து மின்ன, இரும்புக்கம்பிக் கால்களில் எதிரியின் உயிர் குடிக்கும் முள் துருத்த, உலகத்தைப் பக்கவாட்டில் பார்த்து இதுதானா என்று இகழ்ந்து நின்ற அந்தச் சேவற்கோமானை.

"குடுங்க தம்பி, வாழைநாரால காலைக் கட்டித் தர்றேன்" என்றாள் கடைக்காரி.

"வேணாம் அக்கா. முடிச்சுல நான் பயிற்சி எடுத்தவன்."

"எதுக்கும் அதுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க தம்பி."

கட்டினான். கட்டிய சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்துக் குடித்தனத்துக்கும் பொதுவான தன் வீட்டு முற்றத்தில் வெற்றிவேந்தன்போல் வந்து இறங்கினான். முற்றத்தில் பக்கத்து அறைக்காரி நந்தவுலா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளும் காணட்டுமே என்று சேவலைத் தலைக்குமேல் உயர்த்தினான். உயர்த்தியபோது சேவல் காலை உதறியது. உதறியபோது கயிறு இழுபட்டது. இழுத்தால் அவிழும் முடிச்சு, தான் கற்றுக்கொடுக்கப்பட்டபடியே, ஒரு குறையுமில்லாமல் அவிழ்ந்தது.

அதன்பின் நடந்ததை எந்த நாவால் உரைப்போம்! கரைகடந்த வெள்ளம் களத்துமேட்டில் புகுந்ததுபோல் சேவல் முற்றத்தில் புகுந்தது. மதங்கொண்ட களிறெனக் கலன்சி துரத்தினான். கொடியில் காய்ந்த பாவாடைப்படை, சட்டைப்படை, போர்வைப்படை மூன்றையும் ஊடறுத்துச் சேவல் ஓடிற்று; மூன்றையும் உடலில் சுற்றிக்கொண்டு இவன் ஓடினான். சோப்புநுரைக் கடலில் சேவல் நீந்தவில்லை, தாண்டியது. இவன் தாண்டவில்லை, நீந்தினான். கண்ணி வைத்தான், மக்காச்சோளத்தை மணி மணியாய்த் தூவிவிட்டுப் பீப்பாய்க்குப் பின்னால் மூச்சடக்கிப் படுத்தான். சேவல் விருந்துக்கு வந்த சம்பந்திபோல் நிதானமாய் வந்து, கடைசி மணிவரை தின்று, கண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. எழுந்த கலன்சியின் கால்தான் கண்ணியில் மாட்டியது.

அவன் கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று அறைகூவினான்: "டேய் சேவலே! சனிக்கிழமை சனிக்கிழமையா சேத்துல நின்னு படிச்சவன்டா நான்!"

"படிச்சது நீ. பாஸானது அது" என்றாள் நந்தவுலா. "எறங்குய்யா, வாளி எனக்கு வேணும்."

அந்த நேரத்தில்தானா வேன் வரவேண்டும்! வந்தது. முன்னே செம்பாத்தியா இறங்கினான். பின்னே, தோள்முனை இரண்டும் கோபுரமாய்க் கூர்த்து நிற்க, அகன்ற இடைக்கச்சை முழங்கால்வரை அலைந்து தொங்க, பத்து முழத்துக்குக் குறையாத பட்டு அங்கி சரசரக்க, மாமியார்ப் பேரரசி இறங்கினாள். இறங்கி, பலாமரத்தடியில் மகள் விரித்த பாயில், கால்களை மடக்கி அமர்ந்தாள். கலன்சி ஒரே பாய்ச்சலில் பீப்பாய்க்குப் பின்னால் மறைந்தான், கோழைத்தனமல்ல, ஒழுக்கம். மருமகன் மாமியாரை நெருங்கலாகாது, ஒரே பாயில் அமரலாகாது, கனவிலும் தொடலாகாது. தொட்டால் கைகால் நடுங்கும் நோய் இருவரையும் பிடித்துக்கொள்ளும் என்பது அந்த மண்ணில் எல்லோரும் அறிந்தது.

சேவலும் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அது முற்றத்தைச் சுற்றும்முற்றும் பார்த்தது. இந்தப் பூமியில் கலன்சி காலெடுத்து வைக்கமுடியாத இடம் ஒன்றே ஒன்று என்று தேர்ந்தது. நேரே நடந்து போய், பேரரசியின் பட்டு அங்கியின் மடிப்புக்குள் புகுந்து படுத்துக்கொண்டது.

"மச்சான், சேவல் எங்க?" என்றான் செம்பாத்தியா.

"இருக்கு மச்சான்" என்றது பீப்பாய்.

"இருக்குன்னா எங்க இருக்கு?"

"அத்தைகிட்ட இருக்கு."

நகிவாலா குனிந்து அம்மாவின் அங்கியைத் தூக்கப்போனாள். செம்பாத்தியா கையை நீட்டித் தடுத்தான். "யாரும் தொடக் கூடாது. புடிக்கறதும் அவரு, கட்டறதும் அவரு, குடுக்கறதும் அவரு. நானா சொன்னேன்? அவர் வாயால சொன்னது. நீ போய்ப் பையை எடுத்து வை."

நகிவாலாவின் கண் கலங்கியது. மாமியார் மகளைப் பார்த்தாள். மருமகனோடு நேரே பேசலாகாதே. ஆகவே தலைக்குமேல் நின்ற பலாமரத்தை நோக்கி அருள்வாக்கு உரைத்தாள்:

"ஏ பலாமரமே, அந்த மனுசன்கிட்டச் சொல்லு. என் துணிக்குள்ள என்னமோ குறுகுறுங்குது. நான் எந்திரிச்சா அது ஓடிரும். ஓடிருச்சுன்னா என் மவ சட்டிபானையோட கெளம்பணும். அதனால நான் அசையமாட்டேன். ஆனா காலு மரத்துப்போவுது, வெரசா எதாச்சும் பண்ணச் சொல்லு."

கலன்சி பீப்பாய்க்குப் பின்னால் சிந்தித்தான். உடல் நெருங்கலாகாது, கம்பு நெருங்கலாமே! துணிக்கொடியைத் தாங்கி நின்ற நெடுங்கழியைப் பிடுங்கினான். நந்தவுலாவின் எஞ்சிய துணியும் மண்ணில் விழுந்தது. அவள் வாயிலிருந்து விழுந்தவை காவியத்தில் சேர்க்கத் தக்கவை அல்ல. கழியின் நுனியில் கயிற்றுச் சுருக்கு ஒன்று போட்டான். சாரத்தில் நின்று ஒற்றைக் கையால் பூசுகிற கொத்தனைப்போல் மூச்சைப் பிடித்து, முகத்தைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் மட்டும் பார்த்து, அங்குலம் அங்குலமாய்க் கழியை நீட்டினான். சுருக்கு பாயில் ஊர்ந்தது. மடிப்பின் விளிம்பில் ஒரு கொண்டை தெரிந்தது. செக்கச்செவேல் என்று ஏதோ சுருக்குக்குள் வந்தது. சுண்டி இழுத்தான்!

இந்த முறை முடிச்சு இறுகியது. சேவலின் கழுத்தில் அல்ல. மாமியாரின் செம்பட்டு இடைக்கச்சையின் நுனியில்.

முற்றம் உறைந்தது. ஒரு முனையில் மாமியார், மறு முனையில் மருமகன், நடுவில் ஒரு கழியும் ஒரு கயிறும். கலன்சியின் கைகள் சல்லடைபோல் நடுங்கத் தொடங்கின.

"தொட்டுட்டான்! தொட்டுட்டான்!" என்று கூவினாள் நந்தவுலா. "நோவு புடிச்சிருச்சு பாரு!"

"அவரு எங்க தொட்டாரு? கம்புதான் தொட்டுச்சு!" என்றாள் நகிவாலா.

"கரண்டுக்கம்பியக் கம்பால தொட்டா அடிக்காதா?"

"மரக்கம்புன்னா அடிக்காது!"

"அப்ப அவன் கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலக்கா, பசி!"

"பலாமரமே" என்றாள் மாமியார், "எனக்கு ஒண்ணும் நடுங்கலேன்னு சொல்லு. காலு மட்டும்தான் செத்துப்போச்சு. கச்சை புதுசு, கிழிச்சிறப் போறான், கம்பைக் கீழ போடச் சொல்லு!"

சொன்ன மாத்திரத்தில் போட்டான். மெதுவாகப் போடு என்று மரம் சொல்லவில்லை. நெடுங்கழி நந்தவுலாவின் தகர அண்டாவின்மேல் போர்முரசுபோல் விழுந்து அதிர்ந்தது. அந்த ஓசையில் பட்டு மடிப்பு வெடித்தது. ஊழிக்காற்றில் எழுந்த செந்தீப்பிழம்பென, அலறிக்கொண்டு, இறகு சிதறிக்கொண்டு, சேவல் வானேறியது. வானேறி, வளைந்து, செம்பாத்தியாவின் மார்பில் வந்து மோதியது. பிறந்தது முதல் கோழியும் மாடும் பிடித்துப் பழகிய அவன் கைகள், அவனைக் கேட்காமலே, இரண்டு இறக்கையையும் கப்பென்று சேர்த்துப் பிடித்தன.

"குடுத்துட்டேன்!" என்று பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கர்ஜித்தான் கலன்சி.

"நீ எங்க குடுத்த? அதுவா வந்துச்சு!"

"அப்படியா? அப்ப விடுங்க மச்சான். நான் மறுபடி புடிச்சுக் குடுக்கறேன்."

செம்பாத்தியா சேவலைப் பார்த்தான். கையில் அது கனத்தது. நல்ல கனம். முற்றத்தைப் பார்த்தான், கிழிந்த போர்வை, கவிழ்ந்த அண்டா, பாதிப் புருவத்தோடு எட்டிப் பார்க்கும் மச்சான். உள்ளே வாழையிலை மூட்டத்தில் வாழைக்காய் வெந்த மணம் வந்தது.

"விடுங்கண்ணே" என்றாள் நகிவாலா, கையில் பையோடு. "வாங்கிக்கிட்டா இன்னிக்கே கோழிக் குழம்பு. விட்டீங்கன்னா, தொட்டுக்க வெறும் வேர்க்கடலைக் குழம்புதான். அதையும் சாப்ட்டுட்டுக் கெளம்பலாம்."

"பலாமரமே" என்றாள் மாமியார். பெற்ற மகனோடு நேரே பேசலாம் என்பதையே மறந்துபோனாள். "என் மவன்கிட்டச் சொல்லு. அந்தச் சேவலை மட்டும் அவன் கீழ விட்டான்னா, நான் இந்தப் பாயிலேயே உக்காந்துருவேன். காலு இல்லை எனக்கு."

குன்றுகள் மூச்சடக்கின. தகரக்கூரைகள் செவிமடுத்தன. செம்பாத்தியாவின் நெஞ்சில் வீம்பும் வயிறும் கட்டிப்புரண்டு பொருதன. வீம்பு வயிற்றைச் சாய்த்தது, வயிறு எழுந்து வீம்பின் மார்பில் ஏறி அமர்ந்தது.

"சரி, சரி. வாங்கிக்கிட்டேன்" என்றான்.

குலவை எழுந்தது! நந்தவுலா ஈரத்துணியோடு குலவையிட்டாள். பத்துக் குடித்தனமும் கூடக் குலவையிட்டது. பலாமரம் இலை சொரிந்தது. சதுப்புநிலத்துக் கோரையெல்லாம் தலை வணங்கியது. தன் கையே தனக்குதவியென வாழ்ந்த தனிப்பெரும் வீரன், வெட்டுக்கிளிக் குலவிளக்கு, முடிச்சு இரண்டும் முற்றக் கற்ற கலன்சியின் புகழ் ஏழு குன்றும் ஏறி, ஏரி கடந்து, எண்டிசையும் பரந்து நிலைத்தது.

சாயங்காலம் வேன் வந்தது, இரண்டு பேர் ஏறிப் போனார்கள்.